கச்சான் காலத்துச் சலாது: பூச்சி கொண்டுவரும் வைரசை எங்கே மறிப்பது

கிழக்குக் கரையில், அறுகம்பையில் அலைச்சறுக்குக்கு ஆட்கள் வருவதும் பாசிக்குடா ஹோட்டல்கள் நிரம்புவதும் ஏறத்தாழ சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. சலாது (லெட்டூஸ்) இலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுதான். மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து கச்சான் காற்று வீசுவதும் அதே மாதங்களில்தான். மணல் காய்ந்து வேலியோரக் களைகள் வாடத் தொடங்கினால், அவற்றில் குடியிருந்த அழுக்கணவன் (அசுவினி), வெண் ஈ, பனிப்பூச்சி (இலைப்பேன்) எல்லாம் பச்சையும் ஈரமும் உள்ள இடம் தேடிக் கிளம்பும். களுதாவளையிலோ தம்பிலுவிலிலோ கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்க்கிற சலாதுப் பாத்தி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவற்றுக்கு விரித்து வைத்த பாய் மாதிரி. மாரியில் மழை அடித்துக் கழுவிப்போகும் பூச்சிக்குக் கச்சானில் தடையே இல்லை.

இலை சுருண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். மருந்து பூச்சியைக் கொல்லும். செடிக்குள் போன வைரசைக் கொல்லாது. அதற்கென்று ஒரு மருந்து எந்தக் கடையிலும் இல்லை. வைரஸ் பிடித்த சலாது திரும்பித் தேறுவதும் இல்லை. நட்ட நாளிலிருந்து 35, 40 நாளில் வெட்டிவிடும் பயிர் இது; அதற்கு முன், விதைத்த முதல் மூன்று கிழமை, அதாவது நாற்றுமேடைக் காலம், தப்பிவிட்டால் பிறகு தொற்றினாலும் பெரும்பாலும் விற்கக்கூடிய இலை கிடைத்துவிடும். ஆகவே செலவையும் கவனத்தையும் நாற்றில் போடுங்கள். பாத்தியில் போடுவது அதற்குப் பிறகு.

மூன்று பூச்சி, மூன்று கணக்கு

எந்தப் பூச்சி, வைரசை எவ்வளவு நேரம் சுமக்கிறது என்பது தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை வீண்.

அழுக்கணவன் பரப்புவதில் முக்கியமானவை சலாது மொசைக் வைரசும் வெள்ளரி மொசைக் வைரசும் (மொசைக் என்பது இலை திட்டுத் திட்டாக நிறம் மாறும் நோய்). இவை பூச்சியின் உடம்புக்குள் போவதில்லை; ஊசி போன்ற வாயின் நுனியில் ஒட்டிக்கொள்கின்றன. நோயுள்ள செடியில் சில விநாடி குத்திப் பார்த்தாலே ஒட்டும், அடுத்த செடியில் சில விநாடி குத்தினாலே இறங்கும். அழுக்கணவன் உங்கள் பாத்தியில் தங்கிக் குஞ்சு பொரிக்க வேண்டிய தேவையே இல்லை. சிறகுள்ள ஒன்று வந்திறங்கி, சுவை பார்த்து, பிடிக்காமல் பறந்துபோனாலும் காரியம் முடிந்தது. எவ்வளவு வேகமான மருந்தும் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. "செடியில் ஒரு பூச்சியும் இல்லை, ஆனால் மொசைக் வருகிறது" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஆனால் இதே குணத்தில் நமக்கு ஒரு வாய்ப்பும் உண்டு: வேறொரு செடியில் சில தடவை குத்தினால் வாய் சுத்தமாகிவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

பனிப்பூச்சியின் கதை நேரெதிர். தக்காளிப் புள்ளி வாடல் வைரசையும் அதன் உறவுகளையும் இது பரப்புகிறது. குஞ்சாக இருக்கும்போது மட்டுமே அதனால் வைரசை எடுக்க முடியும். வளர்ந்து சிறகு முளைத்த பிறகு சாகும் வரை பரப்பும். முட்டைக்குக் கடத்தாது. அப்படியானால் ஆபத்தான செடி எது? வைரசும் இருந்து, பனிப்பூச்சி குஞ்சும் பொரிக்கிற செடி. வேலியோரத்து முயற்செவியும் பழைய சலாதுப் பாத்தியும் அப்படிப்பட்டவை. முட்டையை இலைத் திசுவுக்குள் செருகும், குஞ்சு இலையில் சுரண்டித் தின்னும், பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். நம் வெக்கையில் ஒரு சுற்றுக்கு இரண்டு கிழமை போதும். முட்டைக்கும் மண்ணுக்குள் இருப்பதற்கும் தெளிக்கிற மருந்து எட்டாது.

வெண் ஈ இடைப்பட்டது. அது பரப்பும் மஞ்சள் நோய்கள் தொற்ற மணிக்கணக்கில் உறிஞ்ச வேண்டும். எடுத்த வைரசைச் சில நாள் வைத்திருக்கும். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியா, அரிசோனாப் பாலைவனப் பகுதிகளில் சலாதுவை இப்படி ஒரு மஞ்சள் வைரஸ் மோசமாகத் தாக்கியது. மணிக்கணக்கு என்பதால் வலையும் பூச்சிக் கட்டுப்பாடும் இங்கே உண்மையாகவே பலன் தரும்.

தத்திகள் பரப்பும் மஞ்சள் நோயும் சலாதுவில் உண்டு. அது வைரஸ் அல்ல, பைற்றோபிளாஸ்மா என்ற பற்றீரியா வகை. செடியைப் பிடுங்க வேண்டியதுதான், வேறு வழி அதற்கும் இல்லை.

வைரசா, வேறு ஏதாவதா

கரையோர மணலில் உரம் நிற்காது. அதனால் சத்துக் குறைவை வைரஸ் என்று நினைத்துப் பிடுங்கி எறிவதும், வைரசைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருப்பதும் இங்கே சாதாரணம்.

முதலில் இலையைப் பார்க்காதீர்கள், பாத்தியைப் பாருங்கள். எல்லாச் செடியும் ஒரே மாதிரி வெளிறினால் அது சத்து, உப்பு, அல்லது தண்ணீர். நல்ல செடிகளுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகவோ, வேலிப் பக்கத்து ஓரத்தில் கூட்டமாகவோ கெட்டால் பூச்சி கொண்டுவந்ததாக இருக்கலாம். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. உள் குருத்தின் விளிம்பு கருகினால் கல்சியம் போய்ச் சேரவில்லை. வெக்கையில் இது மிகச் சாதாரணம். கீழ் இலைகள் நரம்பிடையே மஞ்சளானால் மக்னீசியக் குறைவாகவும் இருக்கலாம், வெண் ஈ கொண்டுவந்த மஞ்சள் வைரசாகவும் இருக்கலாம். வைரஸ் என்றால் அந்த இலை தடித்து, மடித்தால் படக்கென்று ஒடியும். ஐயமானால் 1 லீற்றர் தண்ணீரில் 5 கிராம் எப்சம் உப்புக் கரைத்து நாலைந்து செடிக்கு மட்டும் இலையில் தெளித்து ஒரு கிழமை பாருங்கள். புதிதாக மஞ்சளாவது நின்றால் சத்துத்தான்.

மொசைக்கைப் பிடிக்க இளம் இலையைக் காலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். கடும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும், சிறு நரம்புகள் கண்ணாடி போல வெளுத்திருக்கும், ஓரம் வழமையைவிடச் சுருங்கி நெளியும். செடி குட்டையாக நிற்கும். பனிப்பூச்சி கொண்டுவரும் புள்ளி வாடலில் பழுப்புப் புள்ளிகள் திரண்டு வெண்கல நிறமாகும். செடியின் ஒரு பக்கம் மட்டும் வளைந்து வளர்ச்சி குன்றும். இந்த ஒருபக்கக் கோணலை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். பற்றீரியா இலைப்புள்ளி அப்படிக் கோணவைக்காது; அதன் புள்ளி முதலில் எண்ணெய் ஊறினதுபோல் ஈரமாக இருக்கும்.

அம்பாறைப் பக்கம் வயலுக்கு அருகில் சலாது வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற களைநாசினி காற்றில் வந்தால் சலாது முறுக்கிக்கொள்ளும், குருத்து நூல் போலாகும். வயல் பக்கத்து வரிசைகள் எல்லாம் ஒரே நாளில் முறுக்கினால் அது வைரசின் வேலையல்ல.

தொற்றிய பிறகு அறிகுறி வெளியே தெரிய பொதுவாக ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். நட்டு 10 நாளுக்குள் திட்டுத் தெரிந்தால் அது நாற்றுமேடையிலேயே வந்தது, அல்லது விதையோடு வந்தது. பாத்தியில் எதைச் செய்தும் பிரயோசனமில்லை. அடுத்த தொகுதி நாற்றைச் சரிசெய்யுங்கள்.

நாற்றுமேடை

சலாது மொசைக் விதையோடு வரும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 30,000 விதையைச் சோதித்து ஒன்றில்கூட வைரஸ் இல்லாவிட்டால்தான் விதைக்கலாம் என்ற கட்டுப்பாடு வைத்து அந்த நோயை அடக்கினார்கள். ஆயிரத்தில் ஒரு விதை நோயோடு முளைத்தாலும் அழுக்கணவன் அதை எல்லாப் பக்கமும் கொண்டுபோகும். ஆகவே பூத்து நின்ற சலாதுவில் விதை எடுத்து வைப்பதை விட்டுவிடுங்கள். கீரைக்குச் சரி, சலாதுக்குச் சரியில்லை. பைக்கற்றில் எல்எம்வி என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள்; சலாது மொசைக்குக்கு எதிர்ப்பு உள்ள இனம் என்பதற்கு விதை நிறுவனங்கள் போடும் குறி அது. பனிப்பூச்சி கொண்டுவரும் வைரசுகள் சலாது விதையில் வருவதில்லை.

10 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலமான பாத்திக்கு 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் 160 செடி. 200 விதை போடுங்கள். மிச்சம் 40, கழிக்கிறதுக்கு. நாற்று சரியாக 160 மட்டும் இருந்தால் குறையுள்ளதையும் நட்டுவிடத்தான் மனம் வரும்.

நாற்றுத் தட்டில் நிரப்பும் ஊடகம், தும்புச்சோறும் நன்றாக மக்கிய கூட்டெருவும் சரிபாதி. தும்புச்சோற்றை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், உப்பு இருக்கும். தோட்டத்து மண்ணைக் கலக்க வேண்டாம்: பனிப்பூச்சிக் கூட்டுப்புழு அதில்தான் இருக்கும். சென்ற முறை பாவித்த ஊடகத்தையும் திரும்பப் பாவிக்கக் கூடாது. தட்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

சலாது விதை 30 பாகைக்கு மேல் சூட்டில் முளைக்க மறுத்து உறங்கிவிடும். விதை பழையது என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். பின்னேரம் 5 மணிக்குப் பிறகு விதைத்து, 3 மில்லிமீற்றருக்கு மேல் மூடாமல், வீட்டின் குளிர்ந்த இடத்தில் தட்டை இரண்டு நாள் வையுங்கள். வெளிச்சம் கொஞ்சம் வேண்டும். வெள்ளை முளை தெரிந்த அன்றே வெளியே எடுக்க வேண்டும், பிந்தினால் நூலாக நீளும்.

இனி வலை. உள்ளூரில் பூச்சி வலை என்று விற்பது எல்லாம் ஒன்றல்ல. அங்குலத்துக்கு 40 இழை உள்ள வலையின் கண் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். வெண் ஈயை மறிக்க 0.46, அழுக்கணவனை மறிக்க 0.34, பனிப்பூச்சியை மறிக்க 0.19 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோ வேண்டும். ஆகவே 40 இழை வலை வெண் ஈக்கு மட்டும்தான். 50 இழை அழுக்கணவனையும் நிறுத்தும். பனிப்பூச்சி இரண்டுக்குள்ளாலும் நுழையும். அதை மறிக்கும் வலையைப் போட்டால் காற்றும் மறிபட்டு, வைகாசி வெயிலில் நாற்று அவிந்துவிடும். நாற்றுமேடைக்கு 50 இழை வலை போட்டு, பனிப்பூச்சியைக் களை அகற்றுவதாலும் நீலப் பொறியாலும் கவனிப்பதே நம் காலநிலைக்கு ஏற்ற சமரசம்.

கட்டுவது எளிது. அரை அங்குல பிவிசி குழாயையோ மூங்கில் பிளாச்சையோ வளைத்து, 1 மீற்றர் அகலம், 75 சென்ரிமீற்றர் உயரத்தில் கூடாரம். தட்டுகளை நிலத்தில் வைக்காமல் கல்லின் மேல் ஏற்றுங்கள். வலையின் ஓரத்தை மணலுக்குள் 15 சென்ரிமீற்றர் புதையுங்கள். கல் வைத்து அழுத்துவது கச்சானுக்கு நிற்காது. 50 வீத நிழல் வலையைக் கூடாரத்தோடு ஒட்டாமல் 1 மீற்றர் மேலே கட்டினால் இடையால் காற்று போகும், சூடு இறங்கும். தண்ணீரை வலைக்கு மேலாலேயே பூவாளியால் ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் திறந்து மூடினால் வலை போட்டதில் அர்த்தமில்லை. பெரும்பாலான கூடாரங்கள் தோற்பது வலையின் கண்ணால் அல்ல, பகலில் திறந்து கிடக்கிற ஓரத்தால்.

உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறியும் ஒரு நீலப் பொறியும் நாற்றின் உயரத்துக்குச் சற்று மேலே தொங்கட்டும். மஞ்சளில் அழுக்கணவனும் வெண் ஈயும், நீலத்தில் பனிப்பூச்சியும் ஒட்டும். மஞ்சள் பெயின்ற் அடித்த தகரத்தில் ஆமணக்கெண்ணெய் பூசினாலும் போதும். தூசி படிந்தால் ஒட்டாது. கச்சானில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை துடைத்துப் பூசுங்கள். பொறி பூச்சியை ஒழிக்கும் கருவியல்ல, வந்துவிட்டதைச் சொல்லும் கருவி.

நடுவதற்கு முன்நாள் 20 நாற்றை எடுத்து ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில், கோடு போல, வெளிர் மஞ்சளாக நகர்வது பனிப்பூச்சிக் குஞ்சு. ஒன்று கண்டாலும் அந்தத் தட்டை நடாமல் கட்டுப்படுத்திவிட்டு நடுங்கள். நாற்று 21 முதல் 25 நாளுக்குள், 4, 5 இலையில் போக வேண்டும். ஹோட்டலில் ஓடர் வரட்டும் என்று 35 நாள் வைத்திருக்கும் நாற்றுத்தான் நோயைப் பாத்திக்குக் கொண்டுபோகிறது.

பாத்தியைக் காற்றுக்கு ஏற்ப வைப்பது

பூச்சிகள் சிறியவை, காற்றின் போக்கில்தான் அதிக தூரம் போகும். கச்சான் தரைப்பக்கத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் புதிய நாற்றுப் பாத்தி மேற்கே, வெட்டும் பருவத்துப் பாத்தி கிழக்கே இருக்க வேண்டும். மாறி வைத்தால் பழைய பாத்தியின் பூச்சி முழுக்கப் புதிய நாற்றில் கொட்டும். கடற்கரைக்குக் கிட்ட உள்ள தோட்டங்களில் பின்னேரம் கடற்காற்றுத் திரும்பும். ஒரு தடியில் பொலித்தீன் நாடா கட்டி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேலை செய்யும்போதும் இளம் பாத்தியில் தொடங்கிப் பழைய பாத்தியில் முடியுங்கள்; உடுப்பில் பூச்சி ஒட்டி வரும்.

காற்று வரும் பக்கம் மூன்று வரிசை சோளம், சலாது நடுவதற்கு 4 கிழமை முன்பே விதைத்தால், வந்திறங்கும் அழுக்கணவன் முதலில் சோளத்தில் குத்தும், வாய் சுத்தமாகும். மொசைக்குக்கு இது நல்ல உதவி. பனிப்பூச்சிக்கும் வெண் ஈக்கும் இதை நம்ப வேண்டாம். மிளகாய், கத்தரி, பயற்றை, வெள்ளரி இவற்றை வேலியாக நடக்கூடாது, அவை தங்குமடங்கள். அழகுக்காக நடும் செவ்வந்தியும் பனிப்பூச்சியை வளர்க்கும்.

பாத்தியைச் சுற்றி 3 மீற்றருக்கு முயற்செவி, கானாவாழை, மணத்தக்காளி, பூம்புல் எல்லாவற்றையும் நடுவதற்கு இரண்டு கிழமை முன்னே அகற்றுங்கள். நட்ட பிறகு களை பிடுங்கினால் அதிலுள்ள பூச்சி நேரே சலாதுக்குத்தான் ஏறும். இந்த ஒரு தவறு நல்ல நாற்றையும் ஒரே கிழமையில் கெடுத்துவிடும்.

வெள்ளி நிறப் பொலித்தீன் மூடுபடை வானத்து ஒளியை எதிரொளித்து அழுக்கணவனையும் பனிப்பூச்சியையும் இறங்கவிடாமல் குழப்பும். இலை மூடும் வரைதான் பலன், நமக்கும் அவ்வளவு நாள்தான் தேவை. செடி நடும் ஓட்டை 8 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சூடான காற்று அதன் வழியே வந்து தண்டை வேகவைக்கும். பணம் இல்லையென்றால் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் வைக்கோல். இருண்ட மண்ணில் பச்சை தெரிவதை அழுக்கணவன் தேடும். வைக்கோல் அந்த வித்தியாசத்தை மறைக்கிறது.

வாரம் இருமுறை

காலை 7 மணிக்கு முன், பூச்சி குளிரில் சோம்பி இருக்கும்போது நடந்து பாருங்கள். நோய்ச் செடி கண்டால் உலுக்காமல் பொலித்தீன் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே பிடுங்கி, வாயைக் கட்டி, வெயிலில் போட்டு அவியவிடுங்கள், அல்லது ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். வரம்பில் எறிந்தால் செடி வாடும்போது பூச்சி அடுத்ததற்கு மாறும். நட்ட முதல் 15 நாளுக்குள் பிடுங்குவதுதான் பயன் தரும். வெட்டுக்கு 10 நாள் இருக்கையில் திட்டுத் தெரிந்தால் பிடுங்கிக்கொண்டிருக்காமல் முந்தி வெட்டி விற்றுவிடுங்கள். இந்த வைரசுகள் மனிதரைத் தொற்றுவதில்லை. தோற்றம் கெடாத இலையை விற்பதில் குற்றமில்லை.

எறும்பு வரிசை தண்டில் ஏறினால் இலைக்குக் கீழே அழுக்கணவன் இருக்கலாம்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. 500 கிராம் உலர்ந்த வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடித்து, 20 கிராம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரம் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கலாம். பனிப்பூச்சி, வெண் ஈக் குஞ்சுகள் வளராமல் தடுக்கும். வெட்டுக்கு 10 நாள் முன்பே நிறுத்துங்கள், இலை கசந்தால் ஹோட்டலில் திருப்பி அனுப்புவார்கள். கடை மருந்து என்றால் பதிவு பெற்றதா, சலாதுக்கு அனுமதி உண்டா, வெட்டுக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று லேபிளில் பாருங்கள்; பச்சையாகத் தின்னும் இலை இது. ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடித்தால் பனிப்பூச்சி பழகிவிடும், அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் மட்டும் சாகும்.

வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் மூன்றும் துண்டு நட்டுப் பெருக்குபவை. தாய்ச் செடியில் வைரஸ் இருந்தால் ஒவ்வொரு துண்டும் அதோடுதான் போகும். திட்டு, நெளிவு இல்லாத பாத்தியிலிருந்து மட்டும் துண்டு எடுங்கள்; பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததென்றால் இரண்டு கிழமை தனியாக வலைக்குள் வைத்துப் பாருங்கள். 25, 30 நாளில் வேரோடு பிடுங்கும் முளைக்கீரைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

பருவம் முழுக்க 15 நாளுக்கு ஒரு தொகுதி நட்டுக்கொண்டே போனால் நோய்க்கு ஒரு நாளும் பசி வராது. தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெட்டி முடிந்த அன்றே வேர், அடி இலை எல்லாம் அகற்றி, களையும் இல்லாமல் 3 கிழமை வெறுமையாக விடுங்கள். மண்ணிலிருந்து வெளிவரும் பனிப்பூச்சிக்கு அங்கே தின்ன ஒன்றும் இருக்காது. அந்த நேரம் மற்றப் பாதி ஓடட்டும்.

இவ்வளவும் செய்தும் அடையாளம் பிடிபடாவிட்டால் விவசாயப் போதனாசிரியரிடமோ பயிர்ச் சிகிச்சை நிலையத்திலோ காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் எடுக்கலாம். ஒரு இலையை மட்டும் கிள்ளிக் கொண்டுபோனால் யாராலும் சொல்ல முடியாது. இப்போதுதான் அறிகுறி தொடங்கிய செடி இரண்டு, முற்றியது ஒன்று, ஒப்பிட நல்லது ஒன்று, எல்லாம் வேரோடு. மண்ணைத் தட்டி, வேரை மட்டும் ஈரத் தாளில் சுற்றி, இலையைக் காய்ந்த பத்திரிகைத் தாளில் வைத்து, கிழமையின் தொடக்க நாளில் காலையில் கொண்டுபோங்கள். விதைத்த நாள், நட்ட நாள், அறிகுறி கண்ட நாள், போட்ட உரம், அடித்த மருந்து ஐந்தையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.